பஞ்சில் தண்ணீர் ஊற்றாதீர்கள்: நம் ஊர் ஈரத்தில் சுருட்டு வைப்பதும் சுவைப்பதும்

மரத்தில் செய்த சுருட்டுப் பெட்டி வாங்கினால் கூடவே ஒரு தாள் வரும். காய்ச்சி வடித்த தண்ணீரில் துணியை நனைத்து உள்பலகையைத் துடைக்கச் சொல்லும். பெட்டிக்குள் ஈரம் விட வைத்திருக்கும் பஞ்சில் தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் மூடி வைக்கச் சொல்லும். எழுதியவர் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி உதடு வெடிக்கிற ஊர்க்காரர். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருப்பவர் அந்தத் தாளை மடித்து ஆடுகிற மேசைக்கால் அடியில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. மழை விட்ட இரவுகளில் 90ஐத் தாண்டும். கடையில் அடுக்கி வைத்திருந்த நாளிலேயே அந்தப் பெட்டியின் பலகை வேண்டிய ஈரத்தையும் வேண்டாத ஈரத்தையும் குடித்து முடித்திருக்கும். அதற்கு மேலும் துடைத்தால் கொஞ்ச நாளில் மூலைகளில் வெள்ளைப் பூஞ்சணம்தான் மிச்சம். புதுப் பெட்டிக்கு இங்கே செய்ய வேண்டியது நேர்மாறான வேலை: ஏர்கோன் ஓடும் அறையில் மூடியைத் திறந்து ஒரு வாரம் வைத்து, பலகையைக் காயவிடுவது.

சுருட்டு கேட்பது 62 முதல் 69 விழுக்காடு வரை. நம் பக்கத்துக்கு 65 என்று பிடித்துக்கொண்டால் தவறு வராது. 72க்கு மேல் போனால் உள்ளே மடித்த இலைகள் ஊதி ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்ளும். இழுத்தால் புகை வராது, நெருப்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணையும், வாயில் சூடும் கசப்பும் மட்டும் நிற்கும். பற்ற வைத்ததும் ஊதிய உள்ளிலை மேலும் விரிந்து மேலிலையைக் கிழிப்பதும் உண்டு. 58க்குக் கீழே போனால் சருகு எரிகிற மாதிரி எரிந்து தொண்டையைக் கடிக்கும். புதிதாகப் பிடிப்பவர் "இந்தச் சுருட்டு நன்றாக இல்லை" என்று சொல்லும் நேரங்களில் பாதிக்கு மேல் சுருட்டின் மேல் குற்றமில்லை. வைத்த இடத்தின் குற்றம் அது.

என்னைக் கேட்டால் முதல் ஓராண்டுக்கு மரப்பெட்டியே வேண்டாம். நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற, மூடியில் சிலிக்கோன் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பா ஒன்று, 5 லிட்டர் அளவில் வாங்குங்கள். கழுவி, இரண்டு மூன்று நாள் திறந்து வைத்து பிளாஸ்டிக் வாடை போகவிடுங்கள். மூடியின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்துக் கொக்கியைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் தாள் பிடித்து நின்றால் டப்பா நல்லது, வழுக்கி வந்தால் அதில் முறுக்கு போட்டு வைக்கலாம். அடியில் காலிச் சுருட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த செடார் பலகைத் துண்டுகளைப் பரப்புங்கள். கடைக்காரரிடம் கேட்டால் காலிப் பெட்டி பெரும்பாலும் கிடைத்துவிடும். பெயர்தான் ஸ்பானிஷ் செடார். அது ஸ்பெயின் மரமும் அல்ல, உண்மையான செடாரும் அல்ல. அமெரிக்க வெப்பமண்டலத்தில் வளரும், வேப்ப மரக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அது கிடைக்கவில்லை என்றால் பலகை இல்லாமலே வைக்கலாம். பைன் பலகையோ கற்பூர மரமோ போட்டால் அந்த வாசனை இலையில் ஏறி இறங்காது.

ஈரத்தைப் பார்த்துக்கொள்வது போவேடா போன்ற உப்புக் கரைசல் பொட்டலங்களின் வேலை. உறையில் 62, 65, 69, 72 என்று எண் போட்டிருக்கும். அந்த அளவுக்குக் குறைந்தால் ஈரத்தை விடும், கூடினால் இழுக்கும். பஞ்சுக்கும் பச்சை நுரைக்கட்டிக்கும் விடத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. அதனால்தான் அவற்றுக்கு இங்கே இடமில்லை. நம் டப்பாவுக்கு 65 எண் போதும். 25 சுருட்டு கொள்கிற இடத்துக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று என்பது கணக்கு. இரண்டு போட்டாலும் கேடில்லை, எண்ணுக்கு மேல் அவை ஈரம் விடாது. பொட்டலத்தை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். நல்ல நிலையில் கெட்டித் தேன் பை மாதிரி இருக்கும். தண்ணீர்ப் பை மாதிரி தளும்பி ஊதியிருந்தால் வெளி ஈரம் டப்பாவுக்குள் கசிகிறது. உள்ளே கல்லாய் இறுகியிருந்தால், டப்பாவின் ஈரம் ஏர்கோன் அறையின் வறண்ட காற்றுக்கு எங்கோ கசிகிறது. இரண்டுக்கும் மருந்து டப்பாவை மாற்றுவது. பொட்டலத்தை மட்டும் மாற்றினால் காசுதான் போகும்.

ஈரப்பதமானியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. மலிவான டிஜிட்டல் கருவிகள் 5 விழுக்காடு வரை பொய் சொல்லும். தண்ணீர் போத்தல் மூடியில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் ஒன்றோடொன்று படாமல் ஒரு ஜிப் பைக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்ளே 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் கருவி 4 கூட்டிச் சொல்கிறது. ஒட்டுத்தாளில் "4 கழி" என்று எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

டப்பாவை அடிக்கடி திறக்கலாமா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 80 விழுக்காட்டுக்கும் 65க்கும் உள்ள வித்தியாசம் ஒரு கன மீட்டருக்கு நாலரை கிராம். 5 லிட்டர் டப்பாவில் இருக்கும் காற்று முழுவதும் மாறினாலும் உள்ளே வருவது 0.02 கிராம் தண்ணீர், ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. பொட்டலம் அதை உறிஞ்சிவிட்டுப் போகும். ஆகவே திறப்பது பெரிய குற்றமில்லை. கொக்கி ஒன்று சரியாக விழாமல் ஒரு வாரம் கிடப்பதுதான் ஆளைக் கெடுக்கும்.

சூட்டைப் பற்றித்தான் உண்மையாகவே கவலைப்பட வேண்டும். இரவு ஏர்கோனில் 23 டிகிரி, பகலில் வீடு பூட்டிக் கிடக்கும்போது 31. இந்த ஏற்ற இறக்கத்தில் மூடிய டப்பாவுக்குள் ஈரம் இலைக்கும் காற்றுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும். டப்பாவை அப்படியே, மீன் வாங்கப் போகும்போது எடுத்துப் போகிற கூலர் பெட்டிக்குள் வைத்து, அலமாரியின் கீழ்த்தட்டில், வெளிச்சுவரை ஒட்டாமல் தள்ளிவிட்டால் ஏற்ற இறக்கம் நன்றாகக் குறையும். வீட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது தப்பு. பனி கட்டாத வகைக் குளிர்பெட்டிகள் காற்றை வறட்டிவிடும், நேற்றைய சம்பல் வாசனையும் சேரும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியும் உதவாது. பூஞ்சணத்துக்குப் பயந்து 40, 50 விழுக்காட்டில் வைப்பதற்காகச் செய்தது அது. ஐம்பது அறுபது சுருட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டால் வைன் சில்லர் யோசிக்கலாம், 18 முதல் 20 டிகிரியில். ஆனால் கம்ப்ரெசர் இல்லாத மின்தகடு வகைச் சில்லர் வெளிச் சூட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இறக்கும். 32 டிகிரி ஹாலில் வைத்துவிட்டு 16 வரவில்லையே என்று திட்டக்கூடாது.

அடுத்த எதிரி புகையிலை வண்டு. லாசியோடெர்மா செரிகோர்னே என்று பெயர். 2 முதல் 3 மில்லிமீட்டர், செம்பழுப்பு நிறம், தலையைக் கீழே குனிந்தபடி இருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். பழைய மல்லித்தூள் போத்தலிலும் மஞ்சள் பொட்டலத்திலும் ஓடுகிறதே, பெரும்பாலும் அதே வண்டு. ஆகவே சுருட்டு டப்பாவை மசாலா அலமாரியில் வைக்காதீர்கள். முட்டை இலைக்குள்ளேயே வரும், கண்ணுக்குத் தெரியாது. சூடு கூடக் கூட வேகமாகப் பொரிக்கும் என்பதால் நம் வீட்டு வெப்பம் அதற்குச் சொர்க்கம். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி வெளியே வரும்போது மேலிலையில் ஊசி குத்தியது போல் வட்டமாக ஒரு துளை விழும். அடியில் காப்பித்தூள் நிறத்தில் துகள் கிடக்கும். ஒரு துளை பார்த்தால் மொத்த டப்பாவையும் சந்தேகப்படுங்கள்.

வாங்கி வந்த எல்லாவற்றையும் உறையவைத்து எடுப்பதுதான் இங்கே பாதுகாப்பு. தொழிற்சாலையிலேயே உறையவைத்த சரக்கென்றாலும் வழியில் எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்ததோ, யார் கண்டது. சுருட்டுகளை ஜிப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, அதை இன்னொரு பைக்குள் போடுங்கள். பொட்டலத்தையும் ஈரப்பதமானியையும் கூடப் போட வேண்டாம். முதலில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு மேலே உறைபகுதியில் மைனஸ் 18 டிகிரியில் மூன்று முழு நாள், திரும்பவும் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன் பின் அறையில் ஒரு நாள். நேராக உறைபகுதியில் போட்டால் மேலிலை வெடிக்கலாம். வெளியே எடுத்ததும் பை மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும்; அது நம் காற்றின் ஈரம். அந்த நேரத்தில் பையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் இலை மேல் கோத்துக்கொள்ளும். பை நன்றாகக் காய்ந்து, கைக்கு அறைச் சூடு தட்டிய பிறகுதான் திறக்க வேண்டும்.

பூஞ்சணம் வேறு, வண்டு வேறு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு போல நின்றால் பூஞ்சணம். "எண்ணெய் பூத்திருக்கிறது, பழசுக்கு அடையாளம்" என்று விற்பவர் சொல்லலாம்; இந்த ஊரில் அந்தப் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலிலையில் மட்டும் லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தனி டப்பாவில் 62 பொட்டலத்தோடு ஒதுக்கி வைக்கலாம். பற்ற வைக்கிற முனையில் இருந்தால் உள்ளேயும் போயிருக்கும், குப்பைக்குத்தான். டப்பாவை 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்து ஒரு நாள் ஆறவிடுங்கள்.

கடையிலிருந்து வந்த சுருட்டை அன்றே பற்ற வைக்கவும் கூடாது. கடை அறைகள் பெரும்பாலும் 70க்கு மேலேதான் ஓடும். 65க்கு இறங்கியதா என்று கையால் நசுக்கிப் பார்ப்பதைவிட நகை நிறுக்கும் சின்னத் தராசு நல்லது, 0.01 கிராம் காட்டுகிற வகை. ரொபஸ்டோ எனப்படும் குட்டையான தடித்த அளவு என்றால் 12 கிராம் சுற்றில் இருக்கும். வந்த நாளில் எடையைச் செல்லோபேன் உறை மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். நான்கு நாளுக்கொரு முறை நிறுத்தால் கால் கிராம், சில சமயம் அரை கிராம் வரை இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வந்தால் இலை டப்பாவோடு சமாதானமாகிவிட்டது. உறையோடு வைத்தால் மூன்று வாரத்துக்கு மேலும் ஆகலாம். உறையைக் கழற்ற வேண்டாம். ஈரம் அதனூடே மெதுவாகப் போய் வரும், ஒன்றில் வண்டு வந்தாலும் அடுத்ததற்குத் தாவுவது கொஞ்சம் தாமதமாகும். அலுமினியக் குழாயில் வந்தது என்றால் மூடியைத் திறந்து வையுங்கள். பழச்சாறு, வனிலா வாசனை ஏற்றிய சுருட்டுகளுக்குத் தனி டப்பா, கட்டாயம்.

என்ன வாங்குவது? ஐந்து வகையில் ஒவ்வொன்று வாங்காமல் ஒரே வகையில் ஐந்து வாங்குங்கள். ஒன்றை மூன்று வாரத்தில், அடுத்ததை மூன்று மாதத்தில், மற்றதை அதற்கும் பிறகு பிடித்தால்தான் சுருட்டின் குணம் எது, ஈரத்தின் குணம் எது என்று பிரித்தறிய முடியும். அளவு பெத்தித் கொரோனா போதும்: 129 மில்லிமீட்டர் நீளம், 42 வளைய அளவு. வளைய அளவு என்பது அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு. 42 என்றால் ஏறக்குறைய 16.7 மில்லிமீட்டர் தடிமன். மேலிலை வெளிர் பழுப்பான கனெடிகட் வகை என்றால் பெரும்பாலும் மென்மையாகத் தொடங்கலாம். நிறம் கறுப்பாக இருந்தால் காரம் என்று நினைப்பது தவறு. காரம் வருவது உள்ளிலையிலிருந்து, குறிப்பாகச் செடியின் உச்சியில் வெயில் தின்று தடித்த லிகெரோ இலையிலிருந்து. கறுத்த மதுரோ மேலிலை பல நேரம் இனிப்பாகத்தான் இருக்கும்.

மேலிலை சுமாத்ரா என்று எழுதியிருந்தால் பினாங்குக்காரர் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நீரிணையைத் தாண்டினால் மேடான். அதைச் சுற்றிய டெலி நிலத்தில் 1863இல் நியன்ஹயஸ் என்ற டச்சுக்காரர் புகையிலை போடத் தொடங்கினார். மெல்லியதாகவும் சீராக எரிவதாகவும் இருந்த அந்த இலையை ஐரோப்பாவே மேலிலைக்காகத் தேடியது. அந்தப் பக்கத் தோட்டங்களுக்குத் தமிழர்களும் போனார்கள்; மேடான் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884இல் எழும்பியது. இன்று கடையில் கிடைக்கும் "சுமாத்ரா" மேலிலையில் பெரும்பகுதி அந்த விதையை எக்குவடோரில் போட்டு வளர்த்தது. ஆங்கிலேயர் 'செரூட்' என்றதும் நம் சுருட்டைத்தான், இந்தத் தொழிலுக்கு நாம் ஒன்றும் வெளியாள் இல்லை.

வெட்டும் இடம் தலையில். மூடி போல ஒட்டியிருக்கும் சின்ன இலைத்துண்டின் விளிம்புக்கோடு தெரியும். நுனியிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள், அந்தக் கோட்டுக்கு மேலேயே நிறுத்திவிட வேண்டும். கோட்டைத் தாண்டினால் மேலிலை பிரிந்து வால் விடும். வெட்டியதும் பற்ற வைக்காமல் ஒருமுறை இழுங்கள். கெட்டியான பானத்தை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற அளவுக்கு மேல் இறுக்கம் இருந்தால், எங்கே கட்டியாக இருக்கிறது என்று விரலால் உருட்டித் தேடி மெதுவாக அமுக்குங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால் அது இன்னும் காயவில்லை. ஏர்கோன் அறையில் காலி மரப்பெட்டியில் இரண்டு நாள் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள்.

பியூட்டேன் லைட்டர் வேண்டும், பெட்ரோல் லைட்டர் வாடை கடைசி வரை வரும். நெருப்பின் நுனி இலையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, விளிம்பு முழுக்கச் சாம்பல் பூக்கும் வரை சுருட்டைச் சுழற்றுங்கள். அரை நிமிடம் ஆகும். பிறகு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வேகம் கூடினால் சூடேறிக் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை. சுருட்டுப் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு நேர்மாறு) உள்ளது, நிக்கோட்டின் வாய்த் தோல் வழியாகவே ஏறிவிடும். அதனால் உள்ளே இழுக்காவிட்டால் கேடில்லை என்றும் ஆகாது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் இதிலும் வரும், பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கக்கூடும்.

வெறும் வயிற்றில் வேண்டாம். இருபதாவது நிமிடம் போலக் குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல், உமட்டல் வந்தால் கீழே வைத்துவிட்டு இனிப்பான தேநீர் குடியுங்கள். சம்பல், ரசம் சாப்பிட்ட நாக்கு ஒரு மணி நேரத்துக்கு எதையும் சொல்லாது. பக்கத்தில் வைக்க வெறும் தண்ணீர் அல்லது கோப்பி ஓ கோசோங். தே தாரிக்கின் பாலாடை நாக்கை மூடிவிடும்.

சுவையை எழுதும்போது வெளிநாட்டுக்காரர் பட்டியலைக் கடன் வாங்காதீர்கள். நமக்கு வறுத்த கோப்பிக்கொட்டை தெரியும், கருப்பட்டி தெரியும், மிளகு, சந்தனம், கறுவாப்பட்டை, பினாங்கு ஜாதிக்காய் தெரியும். வாயில் இருக்கும் புகையில் ஒரு சிறு பங்கை மட்டும் மூக்கு வழியாக விட்டால்தான் இவை தனித்தனியாகத் தெரியும். முழுவதையும் விட்டால் கண்ணில் தண்ணீர். மாட்டுத்தொழுவ வாடையாக மூக்கை அறைந்தால் அது அமோனியா. இலை இன்னும் ஆறவில்லை, மற்றவற்றைச் சில மாதம் தூங்கவிடுங்கள். முதல் பங்கு, நடுப்பங்கு, கடைசிப் பங்கு என்று மூன்று வரி எழுதினால் போதும், எடையையும் ஈரப்பத எண்ணையும் கூடவே குறியுங்கள்.

பிடிக்கும் இடம்தான் இங்கே சிக்கல். 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை, திறந்தவெளி மேசையானாலும் 3 மீட்டர் தள்ளித்தான். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் மலேசியாவின் 852ஆம் சட்டத்தின் (புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம்) கீழ் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, இணையத்திலும் விற்கக் கூடாது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் வீட்டு பால்கனி. பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் கதவை இழுத்து மூடுங்கள். மேலே சீலிங் ஃபேன் ஓடினால் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தோணி மாதிரி எரிந்து ஓடுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் காற்று. அப்படி ஓடினால் எரியாத பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடித்து இரண்டு இழுப்பு பொறுங்கள், தானாகச் சரியாகும். ஆகவில்லை என்றால் லைட்டரால் அந்த ஓரத்தை மட்டும் தொடுங்கள். நடு எரிந்து மேலிலை எரியாமல் குகை விழுந்தால் மேலிலை ஈரம். மழை விட்ட மாலையில் கடலோர பால்கனியில் இது சகஜம், வெளி ஈரத்தை முதலில் குடிப்பது மேலிலைதானே. அன்றைக்குச் சின்னச் சுருட்டு எடுப்பது புத்திசாலித்தனம்.

சாம்பல் இரண்டு சென்டிமீட்டர் தாண்டினால் தட்டில் மெதுவாக வைத்தெடுங்கள், விழும். கடைசிப் பங்கில் கசப்பு ஏறினால் உள்ளிருக்கும் புகையை ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதிப் பாருங்கள். இனிமை திரும்பவில்லை என்றால் அங்கேயே கீழே வைத்துவிடலாம், நசுக்க வேண்டாம், நாற்றம்தான் கிளம்பும், தானே அணையும். பாதியில் அணைந்ததை நாளைக்கென்று டப்பாவுக்குள் திருப்பி வைக்காதீர்கள். மறுநாள் திறக்கும்போது மற்ற இருபத்து நான்கிலும் பழைய சாம்பல் வாடை ஏறியிருக்கும்.